தன் கதையைத் தானே சொன்ன அடிமைகள்!



காந்தியடிகள் தம் வாழ்க்கையைத் தாமே 'சத்திய சோதனை' என்ற பெயரில் எழுதினார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதினார். இப்படித் தன் கதையைத் தானே எழுதுவதைச் 'சுயசரிதை' என்கிறோம். 'தன்வரலாறு' என்றும் சொல்வது உண்டு.

தலைவர்களும் புலவர்களும் சுயசரிதை எழுதியது உங்களுக்குத் தெரியும். ஆடு, மாடு போல விலைக்கு விற்கப்பட்ட மனிதர்கள் கூடச் சுயசரிதை எழுதியிருக்கிறார்கள், தெரியுமா? அந்தப் புத்தகங்கள் நாடுகளின் மனதையே மாற்றின. அவற்றைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கல்லில் இருப்பது விலை!

எங்கள் ஊர் திருமழபாடி. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. இங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி ஒரு சுவையான செய்தி சொல்கிறேன்.

கி.பி. 1012 வாக்கில், இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ராஜராஜ சோழன் உத்தரவிட்டார். பழைய சுவரை இடித்தால் அதில் உள்ள எழுத்துகள் அழிந்து போகுமே! அதனால் இடிப்பதற்கு முன்பே கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டில் படியெடுத்து வைக்கச் சொன்னார். பிறகு அவருடைய மகன் ராஜேந்திர சோழன் காலத்தில், 1026 வாக்கில், அந்த ஏட்டைப் பார்த்து மறுபடியும் கல்லில் பொறித்தார்கள். எழுதி வைத்ததைக் காப்பாற்றுவதில் நம் முன்னோர்களுக்கு எவ்வளவு அக்கறை, பாருங்கள்!

நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்தது, விளக்கு எரிக்கப் பொன் கொடுத்தது என்று பல செய்திகள் இருக்கும். சில கல்வெட்டுகளில் மனிதர்களை விற்ற செய்தியும் இருக்கிறது.

இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் திருப்பாம்புரம் என்று ஓர் ஊர். அங்கே 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அப்போது கடும் பஞ்சம். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்தது. பட்டினி தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு அடிமையாக விற்றுக் கொண்டார். விலை 110 காசு.

நெல் விலை இருக்கிறது. ஆள் விலையும் இருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் அன்று அழுதார்களா? அப்பா அவர்களிடம் என்ன சொன்னார்? பிறகு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அதெல்லாம் கல்லில் இல்லை.

அதன் பிறகு 500 ஆண்டுகளுக்கு மேல் கடந்து வந்து பார்ப்போம். புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு புகழ் பெற்றது. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து வந்து விற்ற கும்பல் ஒன்று 1743-இல் அகப்பட்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அதுவும் பார்த்தவர் எழுதியதுதான். பிடிபட்டுச் சங்கிலியில் கிடந்தவர் எழுதியது அல்ல.

விற்றவரும் வாங்கியவரும் எழுதினால் விலை தெரியும். பார்த்தவர் எழுதினால் செய்தி தெரியும். பட்டவர் தாமே சொன்னால்தான் அவர் யார் என்பது தெரியும். அப்படிச் சொன்ன சிலரைச் சந்திப்போமா?

ரொட்டிக்குப் பாடம்!

அமெரிக்காவில் மேரிலாந்து என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே 1818-இல் ஒரு பையன் பிறந்தான். பெயர் பிரெடரிக். அம்மா ஓர் அடிமை. அதனால் பிறந்தவுடனேயே பிரெடரிக்கும் அடிமை! அதுதான் அங்கே சட்டம்.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவனைத் தாயிடமிருந்து பிரித்து விட்டார்கள். அவன் அம்மா 12 மைல் தள்ளி வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகல் முழுவதும் வயலில் உழைத்து விட்டு, இரவில் நடந்தே வந்து மகனைப் பார்ப்பார். பொழுது விடிவதற்குள் திரும்பிப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் சவுக்கடி. அம்மாவைத் தன் வாழ்நாளில் நான்கைந்து முறைக்கு மேல் பார்த்ததில்லை என்று பிரெடரிக் பிற்பாடு எழுதினார். தன் பிறந்த நாள் என்றைக்கு என்பதும் அவருக்குக் கடைசி வரை தெரியாது.

ஏறக்குறைய 8 வயதில் அவனைப் பால்டிமோர் நகரத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு எஜமானி சோபியா நல்ல மனம் படைத்தவர். அவனுக்கு எழுத்துகளைக் கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். சின்னச் சின்னச் சொற்களையும் சொல்லிக் கொடுத்தார். இதைப் பார்த்த அவருடைய கணவர் கோபத்தோடு தடுத்து விட்டார். படிக்கத் தெரிந்தால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்று அவர் பயந்தார்.

அந்த ஒரு பேச்சு பையனின் கண்ணைத் திறந்து விட்டது. 'ஓகோ! படிப்பைக் கண்டு இவர்கள் இவ்வளவு பயப்படுகிறார்களா? அப்படியானால் விடுதலைக்கு வழி அதுதான்!' என்று புரிந்து கொண்டான்.

அவனுக்குப் பாடம் சொல்ல யாரும் இல்லை. என்ன செய்தான் தெரியுமா? கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்துக் கொள்வான். தெருவில் ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வயிற்றுப் பசி. இவனுக்கு அறிவுப் பசி! ரொட்டியை அவர்களுக்குக் கொடுத்து விட்டு, அவர்களிடம் பாடம் கேட்டுக் கொள்வான்.

எழுதக் கற்ற விதம் இன்னும் வேடிக்கையானது. கப்பல் கட்டும் இடத்தில் மரத்துண்டுகளின் மேல் தச்சர்கள் எழுத்துகளைக் குறித்து வைப்பார்கள். எந்தத் துண்டு கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்பதற்கான அடையாளம் அது. அவற்றைப் பார்த்து நான்கு எழுத்துகளைக் கற்றுக் கொண்டான். பிறகு, எழுதத் தெரிந்த சிறுவர்களிடம் போய், "உன்னைப் போலவே நானும் நன்றாக எழுதுவேன், பார்க்கிறாயா?" என்று சவால் விடுவான். அவர்கள் தங்கள் திறமையைக் காட்ட எழுதுவார்கள். அதைப் பார்த்து இவன் கற்றுக் கொள்வான். சுவரும் வேலியும் தரையும்தான் அவன் சிலேட்டு. சுண்ணாம்புக் கட்டிதான் பேனா.

குழந்தைகளே, பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எனக்கு, இதை விடச் சிறந்த மாணவன் கதை ஒன்று தெரியாது!

'தானே எழுதியது'

1838 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரெடரிக் தப்பினார். கப்பல் மாலுமி போல உடை அணிந்து, இன்னொருவருடைய சான்றிதழைக் கையில் வைத்துக் கொண்டு, ரயிலேறி விட்டார். 24 மணி நேரத்துக்குள் நியூயார்க் நகரை அடைந்தார். அங்கே அடிமை முறை இல்லை. பிரெடரிக் டக்ளஸ் என்று தம் பெயரை மாற்றிக் கொண்டார்.

பிறகு அடிமை முறைக்கு எதிராக மேடையில் பேசத் தொடங்கினார். அவர் பேச்சைக் கேட்டவர்கள், "இவ்வளவு அழகாகப் பேசுகிறாரே, இவர் அடிமையாக இருந்தவரா? நம்ப முடியவில்லையே!" என்றார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1845-இல் தம் சுயசரிதையை வெளியிட்டார். அதன் முதல் பக்கத்தில் 'தானே எழுதியது' என்று அச்சிட்டிருந்தார்கள். சில சொற்கள்தான். ஆனால், 'அடிமைக்கு அறிவு கிடையாது' என்று சொல்லி வந்தவர்களுக்கு அதுவே சரியான பதில்!

அந்தப் புத்தகத்தில் எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் அப்படியே எழுதினார். பொய் என்று யாரும் சொல்லி விடக் கூடாது அல்லவா? அதனால் அவருக்கே ஆபத்து வந்தது. சட்டப்படி அவர் இன்னும் அடிமைதான். பழைய எஜமானர் ஆள் விட்டுப் பிடிக்கலாம். எனவே கப்பலேறி இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் போய் விட்டார். அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி எஜமானருக்குக் கொடுத்து, 1846-இல் அவரை விடுவித்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாம் தப்பித்த வழியை மட்டும் அவர் அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதினால் அதே வழியில் தப்ப நினைக்கும் மற்றவர்கள் மாட்டிக் கொள்வார்களே! அடிமை முறை ஒழிந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான், 1881-இல், அதை வெளியிட்டார். எதை எழுத வேண்டும் என்பதோடு, எதை எப்போது எழுதக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. டக்ளஸைப் போல அடிமையாக இருந்தவர்கள் எழுதிய புத்தகங்களும் அவற்றில் ஒன்று.

பெயர் மாறிய அடிமைத்தனம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் செய்தார்கள். அங்கே பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அடிமைகள் விடுதலையானால் கரும்பு வெட்டுவது யார்? முதலாளிகளின் பார்வை இந்தியாவின் மேல் விழுந்தது.

ஐந்து ஆண்டு வேலை செய்வதாக ஓர் ஒப்பந்தத்தில் கைரேகை வாங்கிக் கொண்டு, நம் மக்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் 'அக்ரிமெண்ட்' என்பார்கள். படிக்காத நம் மக்கள் வாயில் அது 'கிர்மிட்' ஆனது. இவர்களை விலைக்கு வாங்கவில்லை, கூலியும் உண்டு, ஐந்து ஆண்டு முடிந்தால் விடுதலை. ஆனால் இடையில் வேலையை விட்டு விலக முடியாது. கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் கூலி பிடிப்பு, அபராதம், சிறை!

பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுகளுக்கு மட்டும் 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் இப்படிப் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழர்களும் ஆயிரக்கணக்கில் போனார்கள். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துன்பத்தைப் பற்றித்தான் மகாகவி பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' பாடலை எழுதினார்.

பாரதியார் பிஜிக்குப் போனதில்லை. போய்ப் பட்டவர் ஒருவர் எழுதிய புத்தகம் இருக்கிறதா? இருக்கிறது!

கிளியின் பெயர் கொண்டவர்

அவர் பெயர் தோத்தாராம் சனாத்யா. 'தோத்தா' என்றால் இந்தியில் கிளி. உத்தரப் பிரதேசத்தில் பிரோசாபாத் அருகே ஒரு கிராமத்தில் 1876-இல் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா இறந்து விட்டார். வீட்டில் கஷ்டம். 1893-இல், 17 வயதில், வேலை தேடி அலகாபாத் பக்கம் போனார்.

அங்கே ஓர் ஆள் இனிக்க இனிக்கப் பேசினான். "நல்ல வேலை இருக்கிறது, என்னோடு வா" என்று அழைத்துப் போனான். அவன் ஆள்பிடிக்கும் தரகன். போன இடத்தில் இன்னும் பலர் அடைபட்டிருந்தார்கள். "நீதிபதி என்ன கேட்டாலும் சம்மதம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள், கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல! பிஜி எங்கே இருக்கிறது, எத்தனை நாள் பயணம் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்கத்தாவுக்குக் கொண்டு போய்க் கப்பலில் ஏற்றி விட்டார்கள்.

கப்பலில் ஓர் ஆள் படுக்க ஒன்றரை அடி அகலம், ஆறு அடி நீளம்தான் இடம். உங்கள் பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள், எவ்வளவு குறுகலான இடம் என்று தெரியும். தின்னக் கொடுத்தது நாய்க்குப் போடும் கெட்டி பிஸ்கட். பிஜியில் இறங்கியதும் ஓடிப் போகாதபடி போலீசார் சுற்றி நின்று கொண்டார்கள். பிறகு ஐந்து ஆண்டுகள் கரும்புத் தோட்ட வேலை. வேலை முழுவதையும் முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு அதிலும் குறைவு, 9 பென்ஸ்.

ஒப்பந்தம் முடிந்து தோத்தாராம் விடுதலையானார். மற்றவர்களைப் போல அவரும் தம் பாட்டைப் பார்த்துக் கொண்டு இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. தோட்டங்களில் அவதிப்பட்டவர்களுக்குத் துணை நின்றார். நீதிமன்றத்தில் நம் மக்களுக்காகப் பேச வக்கீல் இல்லையே என்று தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக மணிலால் டாக்டர் என்ற வக்கீல் 1912-இல் பிஜிக்கு வந்தார்.

அதே 1912-இல் குந்தி என்ற பெண்ணுக்கு ஒரு கொடுமை நேர்ந்தது. வாழைத் தோட்டத்தில் தனியாக வேலை செய்து கொண்டிருந்த அவரிடம் மேற்பார்வையாளன் ஒருவன் தவறாக நடக்க முயன்றான். அவர் திமிறி ஓடி ஆற்றில் குதித்து விட்டார். படகில் இருந்த ஒரு சிறுவன் அவரைக் காப்பாற்றினான். குந்தி வாயை மூடிக் கொண்டு இருக்கவில்லை. நடந்ததை வெளியே சொன்னார். அது இந்தியாவில் 'பாரத் மித்ரா' என்ற பத்திரிகையில் வந்தது. நாடே கொதித்தது.

தோத்தாராம் 21 ஆண்டுகளுக்குப் பின் 1914-இல் இந்தியா திரும்பினார். பனாரசிதாஸ் சதுர்வேதி என்ற எழுத்தாளரிடம் தம் அனுபவங்களை எல்லாம் சொன்னார். அவர் எழுத்து வடிவம் கொடுத்தார். 'பிஜித் தீவில் என் இருபத்தொரு ஆண்டுகள்' என்று பொருள்படும் தலைப்பில் அந்த இந்திப் புத்தகம் வெளிவந்தது. வேறு இந்திய மொழிகளிலும் மொழிபெயர்க்கப்பட்டது. படித்தவர்கள் பதறினார்கள். 'சம்மதம்' என்று மட்டும் சொல்லப் பழக்கிய கிளி, கண்டதை எல்லாம் சொல்லி விட்டது!

காந்தியடிகளின் நண்பர் சி.எப்.ஆண்ட்ரூஸ் 1915-இல் பிஜிக்கே நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதினார். 1916-இல் மதன்மோகன் மாளவியா சட்டசபையில் இந்த முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். 1917-இல் ஆள் அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி 1 முதல் பிஜியில் மீதியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

பிஜியில் தங்கி விட்ட தென்னிந்தியர்கள் 1926-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' என்று பெயர். அந்தச் சங்கம் அங்கே பள்ளிக்கூடங்களை நடத்தி வருகிறது. கைரேகை வைத்துப் போனவர்களின் பிள்ளைகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்தார்கள்!

எழுதத் தெரியாவிட்டால்?

'எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் சொல்வார்கள்; இன்னொருவர் எழுதுவார். மேரி பிரின்ஸ் என்ற பெண் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமையாக இருந்தவர். லண்டனில் அவர் தம் கதையைச் சொல்ல, வேறொரு பெண் எழுதினார். 1831-இல் அது புத்தகமானது. பிரிட்டிஷ் சட்டம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான்.

தமிழிலும் அப்படிச் சொன்னவர் உண்டு. அவர் பெயர் வீரம்மா. புதுச்சேரி அருகே ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர். அவரும் அவர் கணவரும் ஒரு நிலக்கிழாரின் பண்ணையாட்கள். தீண்டாமைக் கொடுமையையும் அனுபவித்தார்கள். வீரம்மா வயலில் நாற்று நடுவார்; பிரசவம் பார்ப்பார்; தாலாட்டும் ஒப்பாரியும் பாடுவார். பள்ளிக்கூடம் போனதில்லை. ஜோசியான் ராசின் என்ற பெண்மணி, அவருடைய பாட்டுகளைப் பதிவு செய்யப் போனவர், அவருடைய வாழ்க்கைக் கதையையும் அவர் வாயாலேயே கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. நம் ஊர்ப் பாட்டி ஒருவர் தமிழில் பேசியதை எங்கெங்கோ இருப்பவர்கள் படிக்கிறார்கள்!

தெரிந்து கொள்வோம்

* இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843-இல் சட்டம் வந்தது.

* ஆளை விற்பதும் வாங்குவதும் கட்டாய வேலை வாங்குவதும் தவறு என்று நம் அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது.

* கடனைக் காட்டி ஒருவரை அடைத்து வைத்து வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழித்தது. அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வேலை வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் வந்த பிறகும் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் இருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். மீட்கப்படுபவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் வழங்கப்படுகிறது.

* உங்கள் வயதுப் பிள்ளை எங்காவது இப்படி அடைபட்டிருப்பது தெரிந்தால் 1098 என்ற இலவச எண்ணுக்குச் சொல்லலாம்.

விடுதலைச் சான்றிதழ் வாங்கி வரும் குடும்பத்துப் பிள்ளை ஒரு நாள் உங்கள் வகுப்பில் வந்து உட்காரலாம். வயதுக்கு ஏற்ற படிப்பு இல்லாமல், எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். சிரிக்காதீர்கள். பிரெடரிக் தெருப் பையன்களிடம் ரொட்டி கொடுத்துத்தான் பாடம் கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் ரொட்டி வாங்காமலேயே சொல்லிக் கொடுங்கள்!

அந்தப் பிள்ளை எழுதக் கற்றுக் கொண்டால், நாளை தன் கதையைத் தானே எழுதும். 110 காசுக்கு விற்கப்பட்ட அந்த இரண்டு பெண்களுக்குக் கிடைக்காதது அதுதான். என்ன குழந்தைகளே, செய்வீர்கள்தானே?